சாமியின் நிலமும் சாலையின் நிலமும்

விரைவுச்சாலைகள் துண்டு துண்டாகத்தான் திறக்கப்படுகின்றன. ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்குப் பிரதமர் 2022 மே 26 அன்று சென்னையில் அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் மூன்று, ஆந்திரத்தில் மூன்று, தமிழ்நாட்டில் நான்கு என்று பத்துத் தொகுப்புகளாக அது பிரிக்கப்பட்டது. ஓசகோட்டையில் தொடங்கிக் கோலார் தங்கவயல் பக்கம் வரும் சுமார் 70 கிலோமீட்டர், 2024 டிசம்பரில் பெரிய விழா ஏதுமின்றி வாகனங்களுக்கு விடப்பட்டது. அதற்குக் கிழக்கே பைரெட்டிபள்ளி, பங்காருபாளையம், குடிபாலா என்று சித்தூர் மாவட்டத்தைக் கடக்கும் தொகுப்புகளில் அப்போதும் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் முதல் விரைவுச்சாலையான மெய்ஷினும் இப்படித்தான் வந்தது. 1963 ஜூலையில் ரித்தோவிலிருந்து அமகாசாகி வரை சுமார் 71 கிலோமீட்டர் திறக்கப்பட்டது; மீதி முடிய 1965 ஆனது.

சித்தூரிலிருந்து இன்னொரு சாலையும் கிளம்புகிறது. கங்காதர நெல்லூர், நகரி, ஊத்துக்கோட்டை வட்டாரங்கள் வழியாகப் போய், தமிழ்நாட்டில் பொன்னேரிக்கு அருகே தச்சூரில் முடியும் ஆறு வழிச் சாலை அது; நீளம் சுமார் 116 கிலோமீட்டர். பழைய சாலை எதையும் அகலப்படுத்தாமல், வயலையும் தோப்பையும் ஏரிக்கரையையும் நேர்கோட்டில் வெட்டிப் போகிறது. முப்போகம் விளையும் நிலம் போகிறது என்று ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு வட்டங்களின் உழவர்கள் பல முறை போராடினார்கள்.

துண்டுகளுக்கு இடையே சாலை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் காரணங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். காட்டு அனுமதி வரவில்லை, பாலம் முடியவில்லை, இழப்பீட்டு வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. இவற்றோடு கூட, திட்ட அறிக்கையில் ஒரு வரியில் அடங்கிவிடும் இன்னொன்றும் உண்டு: வேம்படியில் இரண்டு நாகக்கல், ஏரிக்கரையில் வரிசையாக நட்ட கன்னிமார் கற்கள் ஏழு, கூரையில்லாத கங்கம்மா. ‘வழிபாட்டுக் கட்டமைப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் எண்ணிக்கையாக வந்து போகும் இவை எழுப்பும் கேள்வி மட்டும் பழையது. எங்கும் நிறைந்தது என்று சொல்லப்படும் தெய்வத்துக்கு ஓர் இடம் எப்படிச் சொந்தமாகும்? சொந்தம் என்றால் அந்த இடத்தைப் பொது நன்மைக்காக எடுக்கலாமா? எடுத்தால் தெய்வம் எங்கே போகிறது?

கேள்வி சாலையின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அரசுச் சாலையானாலும் பூமி பூஜை இல்லாமல் வேலை ஆரம்பிப்பதில்லை. தேங்காய் உடைத்து, மண்வெட்டிக்குக் குங்குமம் வைத்து, முதல் மண்ணை அமைச்சர் வெட்டுகிறார். புகைப்படத்துக்கான சடங்கு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் சிற்ப நூல்களில் இந்தச் சடங்குக்குத் தெளிவான வேலை இருக்கிறது. நிலத்தைக் கைக்கொள்ளும் முறையைச் சொல்லும் இடத்தில் மயமதம், அந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் தேவர், பூதம், பிறவற்றுக்குப் பலி கொடுத்து, வேறிடம் போய்க்கொள்ளும்படி வேண்டச் சொல்கிறது. சிலை செய்ய மரம் வெட்டப் போகிறவனுக்கும் இதே விதிதான். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, முதல் நாள் இரவே மரத்துக்குப் பூஜை செய்து அதில் வாழ்பவற்றிடம் இடம் மாறக் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில்தான் கோடாரியை எடுக்கச் சொல்கிறது. எடுப்பதற்கு இங்கே தடை கிடையாது. முன்கூட்டிச் சொல்லாமல் எடுப்பதற்குத்தான் தடை.

ஜப்பானில் இதற்கு ஜிச்சின்சாய் என்று பெயர்; ஷிந்தோ பூசாரி வந்து மண்ணின் தெய்வத்தை அமைதிப்படுத்துவார். 1965இல் த்சு நகராட்சி தன் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இந்தச் சடங்கைச் செய்து 7,663 யென் செலவு காட்டியது. மதச்சார்பற்ற அரசு பொதுப் பணத்தில் இதைச் செய்யலாமா என்று வழக்கு வந்தது. சின்னத் தொகைதான், ஆனாலும் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று நகோயா உயர் நீதிமன்றம் சொல்ல, 1977 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாக அதை மாற்றியது: மக்கள் கண்ணில் இது கட்டட வேலைக்கு முன் செய்யும் வழக்கமாகிவிட்டது, மதத்தைப் பரப்புவதோ ஆதரிப்பதோ இதன் நோக்கமில்லை என்றது. குஜராத் உயர் நீதிமன்றமும் 2011இல், தன் புதிய கட்டடத்துக்கு நடந்த பூமி பூஜையை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்து மனுதாரருக்கு அபராதமும் விதித்தது. இரு நாட்டு நீதிமன்றங்களும் சடங்கைக் காப்பாற்றியது அதன் பொருளை மெலிய வைத்துத்தான். மண்ணில் யாரோ இருக்கிறார்கள் என்று உண்மையில் நம்பினால் அது மதம். நம்பாமல் செய்தால் வழக்கம். நம்புகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வெற்றியா தோல்வியா என்று சொல்வது கடினம்.

அடுத்து வருவது அளவைக் கல். அதோடு உரிமைக் கேள்வியும் வருகிறது. தெய்வம் நிலத்துக்கு உடையவரா என்ற விவாதத்தில் வைதிக மரபின் மிகக் கறாரான குரல் மீமாம்சையுடையது. ஜைமினி சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர், அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில், தெய்வத்துக்கு உடம்பு இல்லை, அது உண்பதில்லை, எதையும் உடைமையாக வைத்துக்கொள்வதும் இல்லை என்று வாதிடுகிறார். ஒரு பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்துகிறவன்தான் அதற்கு உடையவன். எந்தத் தெய்வமும் ஊரையோ வயலையோ அப்படிப் பயன்படுத்திக் காணோம். எனவே ‘சாமியின் ஊர்’ என்பது பேச்சு வழக்கு, அவ்வளவுதான். வேள்வியை நடுவில் வைக்க வந்த தத்துவம் கோயிலின் காலடி நிலத்தை இப்படி உருவிவிடுகிறது. இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் நிலம் எடுக்கும் அதிகாரிக்கு வேலை சுலபம்.

இந்தியச் சட்டம் சபரரின் வழியில் போகவில்லை. 1925இல் கல்கத்தாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன மல்லிக் குடும்ப வழக்கின் சாரமே இடம் மாற்றம்தான். முறை வைத்துப் பூஜை செய்யும் பங்காளிகளில் ஒருவர், தன் முறை வரும்போது குலதெய்வத்தின் விக்கிரகத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்பது கேள்வி. விக்கிரகம் வெறும் அசையும் பொருள் கிடையாது, அது சட்டப்படி ஒரு நபர், எங்கே இருப்பது என்பதில் அதற்கும் ஒரு விருப்பம் உண்டு, அந்த விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்ல, வழக்கில் எந்தத் தரப்பையும் சாராத ஒருவரைத் தெய்வத்தின் சார்பில் நியமிக்கவும் சொன்னது. லண்டனில் உட்கார்ந்திருந்த நீதிபதிகள், தெய்வத்துக்கு விருப்பம் உண்டா என்ற கேள்வியில் சபரரைவிடப் பக்தியாக நடந்துகொண்டார்கள்.

பக்தி மரபுகள் இதற்கு நேரெதிர் முனையிலிருந்து பேசுகின்றன. வைணவம் இறைவனின் நிலைகளை ஐந்தாகப் பிரித்து, அவற்றில் கோயில் திருமேனியாகிய அர்ச்சையை எளிமையின் எல்லை என்கிறது. வைகுண்டத்தில் சுதந்திரனாக இருப்பவன் அர்ச்சையில் அடியார்களுக்கு வசப்பட்டு நிற்கிறான். அவர்கள் நீராட்டினால் நீராடுகிறான், எழுந்தருளப் பண்ணினால் எழுந்தருளுகிறான். இதை விரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் பிள்ளை லோகாசாரியர். தான் எழுதியதை அவர் உடம்பாலும் செய்ய நேர்ந்தது. 1323இல் டெல்லிப் படை வந்தபோது திருவரங்கத்து மூலவரான பெரிய பெருமாளின் முன் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்ததாக மரபு. நம்பெருமாள் கேரளம், மைசூர்ப் பகுதிகள் வழியாகத் திருமலைக்கு வந்து நெடுங்காலம் தங்கினார். அவர் இருந்த இடத்தை இன்றும் ரங்கநாயக மண்டபம் என்று காட்டுகிறார்கள். செஞ்சியிலிருந்த கோபண்ணர் அவரைத் திருவரங்கத்தில் மறுபடி எழுந்தருளப் பண்ணிய ஆண்டு 1371.

நாற்பத்தெட்டு ஆண்டு அலைச்சலில் தத்துவத்துக்கு ஒரு பாடம் உண்டு. மூலவர் பெயரவில்லை, உற்சவர் பெயர்ந்தார். ஆகமங்கள் முதலிலிருந்தே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றன. அசலமான மூலத் திருமேனி அஷ்டபந்தன மருந்தால் பீடத்தோடு பிணைக்கப்பட்டது. சலமான திருமேனி பல்லக்கில் ஏறப் பிறந்தது. தெய்வம் நகருமா என்ற கேள்விக்கு ‘நகரும், நகராது’ என்ற இரண்டு விடையும் ஒரே கோயிலுக்குள் இருக்கின்றன.

பிணைத்ததைப் பிரிக்கவும் முறை உண்டு. திருப்பணிக்காக மூலவரைத் தொட வேண்டி வந்தால் முதலில் பாலாலயம். சிறு இடம் ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்த கும்பத்தில் நீர் நிரப்புகிறார்கள். மந்திரம் சொல்லித் தர்ப்பையால் திருமேனியிலிருந்து தெய்வ ஆற்றலாகிய கலையைக் கும்பத்து நீருக்கு ஈர்க்கிறார்கள், இதுதான் கலாகர்ஷணம். வேலை முடியும்வரை பூஜை அங்கேதான். முடிந்த பிறகு கும்பத்து நீர் மறுபடி மூலவர்மேல் சேர்கிறது. திருமலையிலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்கிறார்கள். கடைசியாக 2018 ஆகஸ்டில் நடந்தது. அந்த நாட்களில் தரிசனத்தையே நிறுத்தலாம் என்று தேவஸ்தானம் முதலில் அறிவித்து, எதிர்ப்பு வந்ததால் குறைந்த எண்ணிக்கையில் அனுமதித்தது. இந்தச் சடங்கின் வரிசையைக் கவனிக்க வேண்டும். புதிய இருக்கை முதலில் தயாராகிறது, பிறகு தெய்வம் அங்கே போகிறது, அதற்குப் பிறகே பழைய இருக்கையில் உளி படுகிறது. இடையில் ஒரு நாழிகைகூடத் தெய்வம் இடமில்லாமல் நிற்பதில்லை.

இந்த முறை எல்லாத் தெய்வத்துக்கும் செல்லாது. சித்தூருக்கு அருகே காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் சுயம்பு. கிணற்றில் வெளிப்பட்டவர், இன்னும் வளர்கிறார் என்பது நம்பிக்கை. அவரைச் சுற்றி ஊறும் நீரையே தீர்த்தமாகத் தருகிறார்கள். அங்கே கல்லையும் கிணற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. இடமே தெய்வம் என்கிற இத்தகைய தலங்களைச் சாலை வரைபடமே சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய கோயிலுக்காகச் சாலையின் கோடு வளையும். வேம்படி நாகக்கல்லுக்காக வளைந்த கோடு அரிது. மூன்றாவது வகையும் இதே மாவட்டங்களில் இருக்கிறது. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையின் கடைசியில் அம்மனின் பெரிய முகத்தைக் களிமண்ணால் செய்து நிறுத்துகிறார்கள். சிறிது நேரத்தில் அதைக் கலைத்துவிடுகிறார்கள். கூட்டம் முண்டியடித்து மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. இந்த அம்மனுக்குக் கலைவதும் வழிபாட்டின் பகுதி.

ஊர்த் தெய்வங்களின் இடமாற்ற முறை ஆகமத்தில் எழுதப்படாதது, ஆனால் அதைவிடக் குறைந்ததல்ல. அதற்குப் பிடிமண் என்று பெயர். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் பழைய கோயில் மண்ணில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து கொண்டுபோய், புதிய ஊரில் வைத்துக் குலதெய்வத்தை எழுப்பியிருக்கின்றன. அதற்கு முன் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்களைத் தனித்தனியே இலையில் மடித்து, வெளியே நிறம் தெரியாமல் கட்டி, சாமி முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் சம்மதம். வராவிட்டால் இன்னொரு நாள் பார்ப்பார்கள்; அல்லது சாமியாடியின் வாயிலிருந்து காரணம் வரும். சீட்டுக் குலுக்கல்தானே என்று சிரிக்கலாம். ஆனால் தெய்வத்தின் விருப்பத்தைக் கேட்டு அறிய வேண்டும் என்று 1925இல் பிரிவி கவுன்சில் சொன்னதையே இது வழக்கறிஞர் இல்லாமல் செய்கிறது. மறுப்பதற்கும் சாமிக்கு வாய்ப்பு இருக்கிறது, முக்கியம் அதுதான்.

மலையே புனிதம் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்குத் திருமலை கொடுத்த விடை வேறு மாதிரியானது. ஏழு மலையும் ஆதிசேஷனின் உடல். அதில் கால் பதிக்க அஞ்சி இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்கிறது மரபு. அந்த உடலில் 1944இல் மோட்டார் போகும் மலைப்பாதை திறந்தது. ஏறவும் இறங்கவும் அது ஒன்றே. 1974இல் இரண்டாம் பாதை வந்தபின் ஏற்றம் ஒன்றிலும் இறக்கம் மற்றதிலும் என்று ஆனது. புனிதம் சாலையால் தேய்ந்துபோகவில்லை. நடந்தே ஏறுவது கட்டாயத்திலிருந்து வேண்டுதலாக மாறியது. முன்பு எல்லாருடைய பாதையாக இருந்த படிக்கட்டில் இப்போது நேர்ந்துகொண்டவர்கள் ஏறுகிறார்கள். சாலை தெய்வத்தைவிடப் பக்தனைத்தான் அதிகம் இடம் மாற்றுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

அணைகள் இன்னும் கடுமையானவை. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூரில் மறுபடி அடுக்கினார்கள். கல் ஒவ்வொன்றும் வந்து சேர்ந்தது. ஆறுகள் கூடும் துறையை எடுத்து வர முடியவில்லை. பிற மதங்களிலும் இதற்கு வழி உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதி, தேவாலயக் கட்டடம் ஒன்றை வழிபாட்டிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தை ஆயருக்குத் தருகிறது. மாறாக, வக்ஃபாக ஒப்படைத்தது எப்போதும் வக்ஃபே என்பது இஸ்லாமியச் சட்ட மரபு. கல்லறை விஷயத்தில் தயக்கம் இன்னும் அதிகம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் இஸ்மாயில் ஃபாரூக்கி வழக்கில், மற்றச் சொத்துகளைப் போலவே வழிபாட்டிடத்தையும் அரசு எடுக்கலாம் என்றது. குறிப்பிட்ட இடமே அந்த மதத்துக்குத் தனி முக்கியத்துவம் உடையதாக இருந்து, அது போனால் வழிபாட்டு உரிமையே அற்றுப்போகும் என்றால் மட்டும் விலக்கு. எந்த மதத்தவரும் இதில் முழுதாகச் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. காணிப்பாக்கம் இந்த விலக்குக்குள் எளிதாக வந்துவிடும். ஏரிக்கரைக் கங்கம்மா வரமாட்டாள். அவளுக்குத் தலபுராணம் கிடையாது. சாலை, பூங்கா போன்ற பொது இடங்களில் வழிபாட்டின் பெயரால் புதிதாகக் கட்டக் கூடாது, இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2009இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சாலைக்குள் வந்துவிட்ட கோயிலைப் பற்றியது. கோயிலுக்குள் வரும் சாலை வேறு சங்கதி. இரண்டையும் ஒரே ஆக்கிரமிப்புக் கணக்கில் வைப்பது நியாயமில்லை.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956 காட்டும் வரிசையை ஆகமத்தின் வரிசையோடு ஒப்பிட்டால் சிக்கல் எங்கே என்பது புலப்படும். 3ஏ பிரிவில் நிலம் தேவை என்ற அறிவிப்பு வருகிறது. 3சி பிரிவில் ஆட்சேபம். 3டி பிரிவில் பிரகடனம் வெளியான அந்தக் கணமே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசைச் சேர்ந்துவிடுகிறது. இழப்பீட்டை நிர்ணயிப்பது அதற்குப் பிறகு 3ஜி பிரிவில்தான். பணத்தைக் கட்டியபின் 60 நாள் அறிவிப்புக் கொடுத்துக் கையில் எடுப்பார்கள். உரிமை முதலில் போகிறது, இருக்கை பிறகு வருகிறது. பாலாலயத்தில் நடப்பதற்கு இது தலைகீழ். தெய்வம் இடம் மாறலாமா என்பதில் மரபுக்கும் சட்டத்துக்கும் உண்மையில் பெரிய சண்டை இல்லை, இரண்டும் ‘மாறலாம்’ என்றே சொல்கின்றன. எதற்குப் பிறகு எது என்பதில்தான் பிரிகின்றன. நிலத்தைக் கொடுக்க மறுக்காத ஊர்க்காரர்களும் சாமியை எடுக்க வரும்போது மறித்து நிற்பது மூட நம்பிக்கையால் என்று எழுதிவிடுவது இந்த வேறுபாட்டைக் காணாத எழுத்து.

மறுகுடியமர்வைப் பற்றி 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் கொஞ்சம் யோசித்திருக்கிறது. மறுகுடியமர்வு இடத்தில் இருக்க வேண்டிய வசதிகளை அதன் மூன்றாம் அட்டவணை பட்டியலிடுகிறது. சாலை, வடிகால், நியாய விலைக் கடை, சுடுகாடு ஆகியவற்றோடு, ஐம்பது குடும்பத்துக்கு ஒரு வழிபாட்டிடமும் கூடிப் பேச மரத்தடி மேடையும் தர வேண்டும். பெருந்தன்மையான விதிதான். ஆனால் குடும்பத் தலைகளை எண்ணித் தெய்வத்தை ஒதுக்கும் இந்தக் கணக்கில் ஏழு கன்னிமாரை எங்கே சேர்ப்பது? அவர்கள் ஐம்பது குடும்பத்துக்காக வந்தவர்கள் இல்லை. அந்த ஏரியின் மதகுக்காக வந்தவர்கள். தவிரவும், நீளமாகவும் ஒடுக்கமாகவும் நிலம் எடுக்கும் சாலையில் ஊரோடு பெயர்கிறவர்கள் குறைவு. வீடு இந்தப் பக்கம் அப்படியே இருக்கும். கோயில் போயிருக்கும், அல்லது அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்.

திறப்புக்குப் பிறகு தெரியவரும் சிக்கல் அதுதான். விரைவுச்சாலையின் இரு புறமும் வேலி. நினைத்த இடத்தில் யாரும் கடக்க முடியாது. சாமி ஊர்வலம் அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால் சுரங்கப்பாதை வழிதான். பொதுவாக வாகனச் சுரங்கப்பாதைக்கு 5.5 மீட்டரும், சிறு வாகனப் பாதைக்கு 4 மீட்டரும் உயரம் விடுகிறார்கள். டிராக்டரில் பூ அலங்காரத்தோடும் குழல் விளக்கோடும் வரும் சப்பரம் முதலாவதில் நுழைந்துவிடும். இரண்டாவதில் உச்சியைக் கழற்ற வேண்டிவரும். எல்லை சுற்றி வரும் பாதை மூன்று கிலோமீட்டர் கூடினால் தீச்சட்டி ஏந்தி வருபவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. பொறியாளர்கள் சுரங்கப்பாதையின் இடத்தை வண்டி எண்ணிக்கையையும் குறுக்குச் சாலைகளையும் பார்த்து, அளவைக் கல் நடுவதற்கு முன்பே குறித்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் போகும் பாதை எந்த வண்டிக் கணக்கிலும் வராது.

அதைச் சொல்வதற்கு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கும் ஒரே இடம் 3சி பிரிவின் ஆட்சேபம். நிலத்தில் அக்கறையுள்ள எவரும் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். அறங்காவலர் உள்ள கோயிலுக்காக அவர் கொடுப்பார். பட்டா பெரிய விவசாயி பெயரிலோ, நிலம் ஏரிப் புறம்போக்கிலோ இருக்கும் கங்கம்மாவுக்காக யார் கொடுப்பது என்று சட்டத்தில் இல்லை. பிரிவி கவுன்சில் நியமிக்கச் சொன்ன அந்த நடுநிலை ஆளை இந்த 21 நாளுக்குள் நியமிப்பவரும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவே பெரும்பாலும் அவளுடைய ஆட்சேபம்.